டேப்பட் இடைவெளி: கரிசல் காட்டுக் கார்க்காரர்களுக்குச் சில குறிப்புகள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் கரிசல் புழுதி, சித்திரை வெயில், உப்புத் தண்ணீர் மூன்றோடும் மல்லுக்கட்ட வேண்டும். மூன்றும் கடைசியில் போய் வேலையைக் காட்டுகிற இடம் எஞ்சின் தலையிலுள்ள வால்வு. வேகமாகச் சுற்றும் எஞ்சின் என்றால் இன்னும் சீக்கிரம் காட்டும்.

1. உங்கள் எஞ்சின் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஹைட்ராலிக் டேப்பட் உள்ள எஞ்சினில் வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியை எண்ணெய் அழுத்தமே சரிசெய்துகொள்ளும். நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். ராக்கரில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருந்தால் வீட்டிலேயே வைக்கலாம். பக்கெட்டும் ஷிம்மும் உள்ள எஞ்சினில் ஷிம்மை அளந்து மாற்ற வேண்டும். சிலவற்றில் கேம் ஷாஃப்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதை அனுபவமுள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

2. எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு செக்கச்சிவந்து போகிற அளவுக்குச் சூடேறும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடி சீட்டில் உட்கார்ந்திருக்கும் கண நேரத்தில்தான் இறங்குகிறது. சூட்டில் வால்வுத் தண்டு நீளும். நீள்வதற்கு இடம் விட்டு வைப்பதுதான் டேப்பட் இடைவெளி. இடம் இல்லையென்றால் வால்வு முழுதாக உட்காராது, சூடு இறங்காது, ஓரம் கருகிப் பிளந்துவிடும். எக்ஸாஸ்டுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி சொல்வது இதனால்தான்.

3. தறி தட்டுவது போல டக்டக்கென்று சத்தம் வந்தால் எல்லோரும் பதறுகிறோம். சத்தமே இல்லாத டேப்பட்டைப் பார்த்துத்தான் பதற வேண்டும். எங்கள் வீட்டு அம்பாசடரில் சத்தம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக ஒரு பட்டறையில் எட்டு டேப்பட்டையும் இறுக்கி வைத்துக் கொடுத்தார்கள். கார் பூனை மாதிரி ஓடியது. சில மாதத்தில் பிக்கப் போய், சைலன்சரில் வெடிச்சத்தம் வந்து, ஹெட்டைக் கழற்றினால் ஓர் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் தின்றுபோயிருந்தது. சத்தம் கேட்டால் அளந்து பாருங்கள். அளக்காமல் இறுக்க விடாதீர்கள்.

4. பல எஞ்சின்களுக்கு அளவு குளிர்ந்த நிலையில் சொல்லப்பட்டிருக்கும். நம் ஊரில் பகலில் வெயிலில் நின்ற காரின் எஞ்சின் ஓடாமலே சுடும். முதல் நாள் சாயங்காலமே நிழலில் நிறுத்தி, மறுநாள் விடியற்காலையில் கவரைத் திறவுங்கள். கையேடு சூட்டு அளவு சொன்னால் ஓட்டிச் சூடாக்கி வையுங்கள். ஒன்றின் அளவை இன்னொன்றுக்கு வைக்காதீர்கள்.

5. திறப்பதற்கு முன் வால்வு கவரையும் பிளக் குழிகளையும் பிரஷ்ஷால் துடையுங்கள். காற்றடிக்கும் பொழுதில் திறக்க வேண்டாம். பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலையில் போய்வருகிற கார் என்றால் இரண்டு முறை துடையுங்கள். ஒரு சிட்டிகை மண் உள்ளே விழுந்தாலும் ஆயிலோடு கலந்து கேம், ராக்கர் எல்லாவற்றையும் அராவும்.

6. கியரை நியூட்ரலில் வைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கிராங்க் புல்லியை ஸ்பானரால் லேசாகச் சுற்றலாம். எஞ்சின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள்.

7. அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு ‘ஒன்பது கணக்கு’ உண்டு. வால்வுகளுக்கு முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். எட்டாவது முழுதாகத் திறந்திருக்கும்போது முதலாவதை வையுங்கள். ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது. நான்காவது திறந்திருந்தால் ஐந்தாவது. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். 1955இல் இங்கிலாந்தில் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே குடும்பத்து 1489 சிசி எஞ்சின்தான். அந்தப் பந்தயக் குதிரையும் நம் ஊர்க் கல்யாண வீட்டு வண்டியும் ஒரே கணக்கில் அடங்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

8. பெட்ரோல் எஞ்சின்களில் இடைவெளி பெரும்பாலும் 0.15 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் எஞ்சினுக்கான சரியான அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபீலர் கேஜின் தகடு இழுத்தால் லேசாகப் பிடிக்க வேண்டும். திணித்துச் செருகினால் தவறு, வழுக்கிக்கொண்டு போனாலும் தவறு. பாவு நூலின் விறைப்பை விரல் நுனியால் தொட்டே சொல்லிவிடும் நெசவாளர்கள் வாழும் ஊர் நம் ஊர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கைப்பக்குவம் ஒரே நாளில் வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

9. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிவிடும். இறுக்கிய பிறகு இன்னொரு தடவை கேஜ் விட்டுப் பாருங்கள்.

10. எல்பிஜி கிட் போட்ட காரா? கேஸ் வறண்ட எரிபொருள். வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலேறும், இடைவெளி சத்தமில்லாமல் சுருங்கும். பெட்ரோல் காரைவிட அடிக்கடி பாருங்கள்.

11. ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து வழி அடைத்தால் ஹெட் கொதிக்கும். அப்புறம் டேப்பட்டை எவ்வளவு துல்லியமாக வைத்தாலும் வால்வு தாங்காது. கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும்தான் சரி. ஏர் ஃபில்டரையும் கோடையில் கையேடு சொல்வதற்கு முன்பே கழற்றிப் பாருங்கள்.

12. கோயம்புத்தூரின் கரிவர்தன் 1980களின் இறுதியில் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்து ‘ஃபார்முலா மாருதி’ பந்தயத்துக்கு வழிவகுத்தார். வீட்டுக் காரின் எஞ்சினும் பந்தயத்துக்குப் போகும். ஆனால் அதை விரட்டுகிற அளவுக்கு அடிக்கடி கவனிக்க வேண்டும். ஸ்க்ரூ வகை எஞ்சினை நான் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்ப்பேன்; நான்குவழிச் சாலையில் தூத்துக்குடி வரை விரட்டி ஓட்டுபவர்கள் அதற்கும் முன்பே பார்க்கலாம்.

13. ஒரு நோட்டில் தேதி, கிலோமீட்டர், சரிசெய்வதற்கு முன் ஒவ்வொரு வால்விலும் இருந்த இடைவெளி மூன்றையும் எழுதுங்கள். ஒரே வால்வு மட்டும் தடவைக்குத் தடவை சுருங்கிக்கொண்டே வந்தால், அந்த சிலிண்டரின் கம்ப்ரஷனை உடனே அளக்கச் சொல்லுங்கள். அப்போதே ஹெட்டைக் கழற்றினால் வால்வைத் தேய்த்து உட்கார வைப்பதோடு வேலை முடியலாம்.