கணிப்பொறி வானில் கார்முகில்

முன்னுரை

கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தவர் வள்ளுவப் பெருந்தகை. மழையின்றி உலகியல் இல்லை என்பதை உணர்ந்த நம் முன்னோர், முகிலுக்குப் பல பெயர்கள் சூட்டி மகிழ்ந்தனர். மஞ்சு, மங்குல், கார், கொண்டல், எழிலி என அப்பட்டியல் நீளும். 'புயல்' என்னும் சொல்லும் பண்டை இலக்கியத்தில் முகிலையே குறித்தது. அம்முகில் இன்று வீட்டுக் கணிப்பொறியிலும் எழுகின்றது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேளச்சேரியில், மாணவர் ஒருவர் தம் வீட்டு மேசையில் அமர்ந்தவாறே, கார்முகிலைக் கிழித்துக்கொண்டு அந்நிலையத்தில் விமானத்தை இறக்கிப் பழகலாம். ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படும் இவ்விமானப் பாவனைச் செயலியில் தோன்றும் முகில் எவ்வாறு ஆக்கப்படுகின்றது, அது எவ்வளவு தூரம் மெய் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டைப் படமும் திரண்ட முகிலும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஃப்ளைட் சிமுலேட்டர் முதன்முதலில் 1982ஆம் ஆண்டு வெளிவந்தது. கோடுகளும் ஒருசில வண்ணங்களுமே அன்றைய கணிப்பொறியால் இயன்றன. 2003ஆம் ஆண்டுப் பதிப்பில் முகில்கள் திரட்சி பெற்றன. ஆயினும் அவை, காண்போர் பக்கமே எப்போதும் முகம் திருப்பி நிற்கும் தட்டைப் படங்களின் அடுக்குகளே. தொலைவில் நின்று நோக்குவார்க்கு அவை அழகியன. உள்ளே புகுவார்க்கோ ஏமாற்றம் அளிப்பன.

பிரான்சு நாட்டு அசோபோ நிறுவனம் உருவாக்கி 2020 ஆகஸ்டில் வெளிவந்த பதிப்பு இந்நிலையை மாற்றிற்று. இதில் முகில் என்பது நீளம், அகலம், உயரம் மூன்றும் உடைய திரள். திரையின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கணிப்பொறி ஒரு கற்பனைக் கதிரைச் செலுத்துகின்றது. அக்கதிர் அடிக்கு அடி நின்று, 'இவ்விடத்தில் முகிலின் அடர்த்தி எவ்வளவு? ஞாயிற்றின் ஒளி இங்கு எவ்வளவு எட்டும்?' என வினவுகின்றது. அடர்த்தி மிக்க இடத்தில் ஒளி குன்றுவதால் முகிலின் அடிப்புறம் கறுக்கின்றது. நீர்த்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் முன்னோக்கியே சிதறுவதால், ஞாயிற்றை மறைக்கும் முகிலின் விளிம்பு வெள்ளிபோல் மின்னுகின்றது. சாதாரணத் திரையிலேயே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் உண்டு. காட்சி தடையின்றி ஓட வேண்டுமாயின், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 30 முறை திரை முழுவதும் புதிதாக வரையப்பட வேண்டும். முகிலின் பஞ்சுபோன்ற வடிவுக்கு, கென் பெர்லின் என்னும் அமெரிக்க அறிஞர் 1985இல் வெளியிட்ட கணித முறையின் வழிவந்த உத்திகள் பயன்படுகின்றன. முற்றிலும் ஒழுங்கும் இன்றி, முற்றிலும் தாறுமாறும் இன்றி எண்களை விளைவிப்பது அம்முறை.

வானிலைச் செய்தி

வடிவம் அமைந்தால் போதாது. இன்று, இவ்விடத்தில், எம்முகில் உள்ளது என்பதும் தெரிதல் வேண்டும். விமான நிலையங்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் வானிலைக் குறிப்பை வெளியிடுகின்றன. வானத்தை எட்டுக் கூறாகக் கொண்டு, எத்தனை கூறினை முகில் மறைத்துள்ளது என்று அது உரைக்கும். எட்டும் மறைந்தால் வானம் முழுதும் மூடியது என்பது பொருள். பழைய பாவனைச் செயலிகள் இக்குறிப்புகளையே நம்பியிருந்தன. 2020ஆம் ஆண்டுப் பதிப்பு, சுவிட்சர்லாந்து நாட்டு மீட்டியோபுளூ நிறுவனத்தின் கணிப்புகளைப் பெற்று, உலகின் வளிமண்டலம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பகுத்துக் காட்டுகின்றது.

இங்கே ஓர் ஒப்புமை கூறுதல் தகும். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அரபு நாட்டைத் தமிழகத்தின் நீர்வளமும் வயல்வளமும் உடையதாகவே புனைந்தார். அது காவிய மரபு. கற்போர் உள்ளத்துக்கு அயல்நாட்டை அணுக்கமாக்கும் உத்தி. பாவனைச் செயலிக்கு அவ்வுரிமை இல்லை. பாலைக்குப் பாலை வானும், சென்னைக்கு ஐப்பசி வானும் தருவதே அதன் கடமை.

காட்சியின் எல்லை

அக்கடமையில் அது எவ்வளவு வென்றுள்ளது? 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. விமான நிலையம் வெள்ளத்தால் மூடப்பட்டது. வேளச்சேரித் தெருக்களில் படகுகள் சென்றன. இத்தகைய பெருமழையைத் திரையில் வரையலாம். கண்ணாடியில் துளி வழியும், ஓடுதளம் ஈரத்தால் பளபளக்கும். ஆனால் அந்நீர் வேளச்சேரி ஏரியை நிரப்புவதில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைத் தேடிச் செல்வதுமில்லை. வானிலிருந்து விழுந்த அளவில் அதன் கதை முடிந்துவிடுகின்றது. நமக்கோ கதை அங்கேதான் தொடங்குகின்றது.

மற்றோர் எல்லையும் உண்டு. இடிமுகிலைக் கண்டால் உண்மை விமானி விலகிச் செல்வார். அதனுள் மேலும் கீழும் பாயும் காற்று விமானத்தையே அலைக்கழிக்கும். வீட்டுப் பாவனையில் அதனுள் அஞ்சாது புகலாம், இழப்பு ஏதுமில்லை. அழகு அச்சத்தை மறக்கச் செய்யுமாயின், அப்பயிற்சி அரைப் பயிற்சியே.

முடிவுரை

எழுவது எழிலி, நீரைக் கொண்டது கொண்டல் என்பர். முகில் எவ்வாறு பிறக்கின்றது என்பதைப் பெயரிலேயே பொதிந்து வைத்தது நம் மொழி. கணிப்பொறி வல்லுநரும் தட்டைப் படத்தை விடுத்து, ஒளி, காற்று, நீர் என்னும் காரணங்களை நாடிய பின்னரே அவர்தம் முகில் உயிர் பெற்றது. காரணத்தை ஒட்டிய அளவே காட்சி மெய்யாகும் என்பது இதனால் பெறப்படும்.

மாணவச் செல்வங்கள் திரையில் பறந்து பழகுவதை நாம் வரவேற்போம். அத்துடன், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாலையொன்றில் மொட்டைமாடி ஏறி, கீழ்த்திசையில் எழும் கொண்டலையும் நோக்குவார்களாக. அது எங்கிருந்து நீரைக் கொண்டது, எங்கே பொழியும், பொழிந்த நீர் எவ்வழி செல்லும் என்று வினவுவார்களாக. முதல் இரண்டு வினாக்களுக்கு விடை கூறக் கணிப்பொறி துணைசெய்யும். மூன்றாம் வினாவுக்கு விடை, நாம் ஏரியையும் கால்வாயையும் பேணும் முறையில் இருக்கின்றது.