'மேலே இருப்பவர்கள்': வாக்காளர் மனப்பாங்கை வகுப்பில் பேசுவது எப்படி?

ஒன்பதாம் வகுப்பில் 'தேர்தல், அரசியல் கட்சிகள் மற்றும் அழுத்தக் குழுக்கள்' பாடத்தை நடத்தும்போது ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "மக்கள் ஏன் சார் கட்சி மாத்தி ஓட்டுப் போடுறாங்க?" பதிலையும் மாணவர்களே சொல்லிவிடுவார்கள்: "இலவசம் தர்றதாலதான்."

கலவை வட்டாரத்தில் நான் கற்பிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நெல்லும் நிலக்கடலையும் பயிரிடுபவர்கள். இராணிப்பேட்டைப் பக்கம் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அந்தப் பதிலை அப்படியே விட்டுவிட்டால், தம் பெற்றோர் வாக்கை விற்பவர்கள் என்ற எண்ணம் பிள்ளைகள் மனத்தில் தங்கிவிடும். நம் மாநில வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

நலத்திட்டம் வேறு, மனப்பாங்கு வேறு

1956இல் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்த காமராசர், 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டமும் 'மேலே இருப்பவர்களுக்கு நம் பாடு தெரியவில்லை' என்ற எண்ணத்தை வளர்த்திருந்தன. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதி அந்த எண்ணத்தோடு பொருந்தியது.

1972இல் எம்.ஜி.ஆர். கட்சிப் பொறுப்பாளர்களிடம் கணக்குக் கேட்டார், நீக்கப்பட்டார், அ.தி.மு.க.வைத் தொடங்கினார். ஐந்தாண்டுகளுக்கு முன் மக்கள் பக்கம் நின்று வென்ற கட்சியே இப்போது பலர் கண்ணுக்கு 'மேலே இருப்பவர்கள்' ஆகிவிட்டது. அவர் ஆட்சிக்கு வந்தது 1977இல். சத்துணவுத் திட்டம் வந்தது 1982இல். வெற்றி முதலில், திட்டம் பிறகு என்ற இந்த வரிசையை மாணவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

பாப்புலிசம் என்பது என்ன?

நல்லவர்களான மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏமாற்றும் மேல்மட்டத்தினர் மறுபக்கம் என்று சமூகத்தை இரண்டாகப் பார்ப்பதே பாப்புலிசம் என்கிறார் அரசியல் அறிஞர் காஸ் முட்டே. அவரும் மற்ற இருவரும் நெதர்லாந்து வாக்காளர்களிடம் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. இந்த மனப்பாங்கு மிகுந்தவர்கள் வலதுசாரிக் கட்சி ஒன்றையும் இடதுசாரிக் கட்சி ஒன்றையும் ஆதரித்தது அதில் தெரியவந்தது. மனப்பாங்கு ஒன்றுதான், அதை எந்தக் கட்சி தன் பேச்சால் தொடுகிறதோ அங்கே வாக்கு போகிறது. நம் 1967-ஐயும் 1972-ஐயும் இதோடு ஒப்பிடலாம்.

வகுப்புச் செயல்பாடு (ஒரு பாடவேளை)

கீழ்க்காணும் கூற்றுகளைக் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர்கள் பெயர் எழுதாத தாளில் 1 (ஏற்கவில்லை) முதல் 5 (முழுதும் ஏற்கிறேன்) வரை மதிப்பெண் இடுவார்கள்.

1. முக்கிய முடிவுகளைத் தலைவர்கள் அல்ல, மக்களே எடுக்க வேண்டும்.
2. அனுபவம் உள்ளவரைவிட நம்மைப் போன்ற ஒருவரே நல்ல பிரதிநிதி.
3. மக்கள் எல்லோருக்கும் தேவை ஒன்றுதான், தலைவர்கள்தான் பிரிக்கிறார்கள்.
4. மாற்றுக் கருத்து உள்ளவரோடு விட்டுக்கொடுத்துப் போவது பலவீனம்.

மூன்றாம் கூற்றுக்கு ஐந்து போடுபவர்கள் என் வகுப்பில் அதிகம். அப்போது பாலாற்றைப் பற்றிப் பேசத் தொடங்குவேன். தோல் தொழிற்சாலைக் கழிவுநீரால் கிணறு கெட்ட விவசாயியும் மக்கள்தான். அதே தொழிற்சாலைக் கூலியில் குடும்பம் நடத்துபவரும் மக்கள்தான். இருவர் தேவையும் ஒன்றா? வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும், சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத தொழிற்சாலைகள் இயங்கக் கூடாது என்றது. நீதிபதிகளுக்கு யாரும் வாக்களிக்கவில்லை. மக்கள் விருப்பம் மட்டுமே போதும் என்றால், இந்தத் தீர்ப்பை எங்கே வைப்பது? ஒரே வீட்டில் அப்பா நிலத்திலும் அம்மா தொழிற்சாலையிலும் உழைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி உடனே பிடிபடும். மீண்டும் மதிப்பெண் இடச் சொன்னால் தாள்கள் மாறியிருக்கும்.

ஆசிரியர் கவனத்திற்கு

இந்த மனப்பாங்கைக் குற்றமாகக் காட்ட வேண்டாம். ஆள்பவரிடம் கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. எளியவர்களின் குரல் சட்டமன்றத்தை எட்டியதில் அதற்குப் பங்கு உண்டு. 'எங்கள் பக்கம் இல்லாதவர் மக்களே அல்லர்' என்ற இடத்திற்கு அது போகும்போதுதான் ஆபத்து. இன்றைய கட்சிகளின் பெயரை வகுப்பில் எடுக்காதீர்கள். வீட்டில் யாருக்கு வாக்களித்தார்கள் என்று கேட்காதீர்கள். தாள்களைத் திரும்ப மாணவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.

மதிப்பீட்டுக்கு ஒரு கேள்வி போதும்: "ஒரு தலைவர் 'மக்கள்' என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறார், யாரை விட்டுவிடுகிறார்?" பத்தாண்டுகளுக்கு முந்தைய ஏதேனும் ஒரு தேர்தல் அறிக்கையையோ உரையையோ வைத்து மாணவர்கள் விடை எழுதட்டும். இன்னும் நான்கே ஆண்டுகளில் அவர்கள் விரலிலும் மை வைக்கப்படும்.