கூலி ஏறுவதும் இறங்குவதும் ஏன்?

வரத்து அதிகமானால் விலை இறங்கும். கிராக்கி கூடினால் விலை ஏறும். வணிகர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூலியும் பெரும்பாலும் இப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: கூலி வாங்குபவரே நம் வாடிக்கையாளர்.

நம் கரையையே எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முதலில் 45 நாட்கள். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாட்கள். இராமேசுவரத்திலும் மண்டபத்திலும் படகுகள் நின்றால், கடலுக்குப் போகிறவர் மட்டுமல்ல, ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர் எல்லோரும் வேறு வேலை தேடுவர். மூட்டை இறக்க ஒருவர் தேவைப்படும் இடத்தில் நால்வர் நின்றால் பேரம் பேசும் பலம் அவர்களிடம் இராது.

அறிஞர்கள் சொன்னது

பிரிட்டனின் 1861 முதல் 1957 வரையான கணக்குகளை ஆராய்ந்த பிலிப்ஸ், வேலையில்லாதோர் குறைந்த காலங்களில் கூலி வேகமாக ஏறியதை 1958இல் காட்டினார். தேவைக்கு மேல் ஆட்கள் நிலத்தை நம்பியிருக்கும் நாட்டில், தொழில் பெருகினாலும் கூலி நெடுநாள் உயராது என்றார் ஆர்தர் லூயிஸ் (1954). வானம் பார்த்த நம் மாவட்டத்துக்கு இது பொருந்தும்.

போக்கிடம் இருந்தால் நிலைமை மாறும். வளைகுடாவுக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் போனால் இங்கே கிராக்கி கூடும். 2008இல் எல்லா மாவட்டங்களுக்கும் வந்த நூறு நாள் வேலையும் அப்படி ஒரு போக்கிடமாயிற்று.

ஒரு மாதிரிக் கணக்கு

நாள் கூலியில் ரூ.50 குறைத்தால் 61 நாளில் ஓர் ஆளுக்கு மிச்சம் ரூ.3,050. ஊரில் நூறு குடும்பங்களுக்கு இப்படிக் குறைந்து, அதில் பாதி மளிகைக்கு வரவேண்டிய பணம் என்றால், கடைத்தெரு இழக்கும் விற்பனை ரூ.1,52,500. அல்லது அத்தொகை கடன் நோட்டில் ஏறும்.

நாம் செய்யக்கூடியவை

1. தடைக்காலத்தில் ஆள் மலிவு என்று பழைய ஆளின் கூலியைக் குறைக்க வேண்டாம். படகு இறங்கியதும் புது ஆள் போய்விடுவார். சரக்கும் வாடிக்கையும் அறிந்த பழைய ஆள் திரும்பக் கிடைக்கமாட்டார்.

2. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்கக் கூடாது.

3. ஏப்ரலுக்கு முன்பே கொள்முதலைக் குறைத்து, சிறு பொட்டலங்களைக் கூட்டுங்கள்.

4. கடனுக்கு வரம்பு வையுங்கள். ஜூனுக்குப் பின் தவணையாக வசூலியுங்கள்.

சரக்கு விலையைக் கவனிப்பதுபோல் கூலி நிலவரத்தையும் கவனிப்பவரே அடுத்த மாத விற்பனையை முன்கூட்டி அறிவார்.