அக்கிக்கு மூன்று நாள் கெடு

கடலை பறிக்கும் காலம். மாமியாரும் மருமகளும் காட்டிலிருந்து வீடு திரும்பினார்கள். மாமியாருக்கு வயது 60.

"முதுகில் ஒரு பக்கம் எரிகிறது. மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கிறது" என்றார் மாமியார்.

மருமகள் பார்த்தாள். தோலில் ஒன்றும் இல்லை.

"நாளெல்லாம் குனிந்து வேலை செய்தீர்கள், அத்தை. அதனால் இருக்கும்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை முதுகிலிருந்து விலா வரை சிவந்துவிட்டது. கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்கள். ஒரு பக்கம் மட்டும்தான்.

"இது அக்கி! காவி வாங்கி வா. அக்கி எழுதினால் இறங்கிவிடும்" என்றார் மாமியார்.

மருமகள் காவி வாங்கி வந்தாள். ஆனால் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பெரியவரின் நினைவு வந்தது. போன ஆண்டு அவருக்கு நெற்றியிலும் கண் இமையிலும் அக்கி வந்தது. காவி பூசிக்கொண்டு பத்து நாள் வீட்டிலேயே இருந்தார். கொப்புளம் ஆறியது. ஆனால் அந்தக் கண்ணில் பார்வை மங்கிவிட்டது.

"காவி இருக்கட்டும், அத்தை. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள்.

டாக்டரம்மா பார்த்தார். "நல்ல வேளை, கொப்புளம் கண்ட அன்றே வந்துவிட்டீர்கள். 3 நாளுக்குள் மாத்திரை தொடங்க வேண்டும். அப்போதுதான் நன்றாக வேலை செய்யும்" என்றார்.

"சூட்டினால் வந்ததா, டாக்டரம்மா? சாமி குற்றமா?" என்று கேட்டார் மாமியார்.

"இரண்டும் இல்லை. சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை வந்ததா?"

"ஆமாம். எட்டு வயதில் வந்தது."

"அதே கிருமிதான் இது. அம்மை இறங்கியது. கிருமி சாகவில்லை. முதுகெலும்பின் பக்கத்தில், நரம்பின் வேரில் தூங்கியது. வயது ஏறினால் உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும். சில நோய்களாலும் குறையும். அப்போது கிருமி விழித்துக்கொள்ளும். ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வரும். அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் வருகிறது. கொப்புளம் வரும் முன்பே வலி வருகிறது."

"என் மகள் மாசமாக இருக்கிறாள். வளைகாப்புக்கு வரப்போகிறாள். அவளுக்கு ஒட்டுமா?"

"அவளுக்குச் சின்னம்மை வராதிருந்தால், கொப்புள நீர் பட்டு அவளுக்குச் சின்னம்மை வரலாம். அதனால் கொப்புளங்களைச் சுத்தமான துணியால் மூடுங்கள். எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை கர்ப்பிணிகள் பக்கத்திலும் கைக்குழந்தைகள் பக்கத்திலும் போகாதீர்கள். கொப்புளத்தின் மேல் எதையும் பூசாதீர்கள். சீழ் பிடிக்கும்."

டாக்டரம்மா ஏழு நாளைக்கு அசைக்ளோவிர் மாத்திரை கொடுத்தார். ஒரு நாளைக்கு ஐந்து வேளை.

"வேளை தவறக் கூடாது. சிலருக்குப் புண் ஆறிய பிறகும் வலி மாதக் கணக்கில் இருக்கும். அப்படி இருந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே வாருங்கள். அதற்கும் மருந்து உண்டு" என்றார்.

"இது வராமல் தடுக்க ஊசி இல்லையா?" என்று மருமகள் கேட்டாள்.

"உண்டு. இந்தியாவில் 2023 முதல் புதிய தடுப்பூசி கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் போட்டுக்கொள்ளலாம். 2 ஊசி போட வேண்டும். முதல் ஊசி போட்ட 2 மாதம் முதல் 6 மாதத்துக்குள் அடுத்த ஊசி. ஓரிரு நாள் கை வலியும் காய்ச்சலும் அசதியும் வரலாம். பிறகு சரியாகிவிடும். வந்த அக்கியை இந்த ஊசி குணமாக்காது. ஆனால் அக்கி ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். மறுபடி வராமல் காக்கும்."

"விலை?"

"ஓர் ஊசிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை. முடிந்தவர்கள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் 3 நாளுக்குள் ஆஸ்பத்திரிக்கு வருவது எல்லோராலும் முடியும். கண், நெற்றி, காது பக்கம் வந்தால் அன்றே வர வேண்டும்."

மூன்று வாரத்தில் புண் ஆறியது. மகள் வந்தாள். மாமியார் தம் கையாலேயே மகளுக்கு வளையல் போட்டார்.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார். "மூன்று நாள் கெடு என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லையே, அம்மா" என்றார்.

மருமகள் உள்ளே போனாள். வாங்கிய காவி அப்படியே இருந்தது. அதைத் தண்ணீரில் குழைத்தாள். திண்ணைச் சுவரில் பெரிதாக எழுதினாள்:

அக்கி கண்டால் 3 நாளுக்குள் ஆஸ்பத்திரி.

பெரியவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

பேசுவோம்

1. அக்கி ஏன் உடம்பில் ஒரு பக்கம் மட்டும் வருகிறது?
2. எந்த இடத்தில் அக்கி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?
3. உங்கள் ஊரில் அக்கி வந்தால் என்ன செய்கிறார்கள்? இனி என்ன செய்யலாம்?