108 வரும்வரை நம் பொறுப்பு

2008 முதல் தமிழகத்தில் இயங்கும் 108 சேவை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போன் செய்த உடனே வண்டி வாசலுக்கு வந்துவிடாது. நெரிசலையும் சந்துகளையும் தாண்டித்தான் வர வேண்டும். இதயத்துடிப்பு நின்றால் சுமார் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். அந்த நிமிடங்கள் வீட்டில் இருப்பவர் கையில்தான் உள்ளன. ஆண்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெண்களும் பிள்ளைகளும் இதை அறிந்திருப்பது அவசியம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். நாம் செய்ய வேண்டியவை:

1. கதவு எண், தெரு, அருகிலுள்ள பள்ளிவாசல் ஆகியவற்றை எழிதில் தெரியும்படி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் சொந்த முகவரியே மறந்துபோகும்.
2. அவர்கள் சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். ஒருவரைத் தெருமுனையில் நிறுத்துங்கள்.
3. ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள்.
4. மயங்கி மூச்சு நின்றவருக்கு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது இதை முறையாகப் பயிலுங்கள்.
5. மருந்துச் சீட்டுகளையும் காப்பீட்டு அட்டையையும் ஒரே பையில் வையுங்கள்.

முகவரிச் சீட்டை இன்றே, இஷாவுக்கு முன் ஒட்டிவிடுங்கள்.