ஒரே ஒரு எழுத்துப் பிழை

எங்க பெரியம்மா பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று வேலூரில் சொன்னார்கள். அதுக்கப்புறம் அக்காவைப் பெண் பார்க்க ஒடுகத்தூர் வந்தவர்கள், "பரம்பரை வியாதியாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரவில்லை. அதனால்தான் இதை உட்கார்ந்து படித்தேன்.

நம் ஏழாவது குரோமோசோமில் இ.ஜி.எஃப்.ஆர். என்றொரு மரபணு உண்டு. கெட்ட மரபணு அல்ல. அது உண்டாக்கும் புரதம் செல் சவ்வில் ஆன்டெனா மாதிரி நிற்கும். வளர்ச்சிக் காரணி வெளியிலிருந்து வந்து ஒட்டினால் இரண்டு ஆன்டெனாக்கள் ஜோடி சேரும். உள்பக்க வாலில் பாஸ்பேட் ஏறும். 'வளர்' என்ற சேதி ராஸ் முதலிய புரதங்களிடம் கைமாறி உட்கருவுக்குப் போகும், செல் பிரியும். காரணி விலகினால் எல்லாம் அடங்கிவிடும்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சை பட்டன் அமுக்கினால் ஓடும், சிவப்பு அமுக்கினால் நிற்கும். ஸ்டார்ட்டர் ஒட்டிக்கிச்சுன்னா? வரப்பு உடைஞ்சாலும் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த மரபணுவில் ஒரு தைமின் இருக்க வேண்டிய இடத்தில் குவானின் வந்துவிட்டால், புரதத்தின் 858-வது இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் உட்காரும். அவ்வளவுதான் பிழை. காரணி வராமலேயே செல் பிரிந்து பிரிந்து கட்டியாகும். புகை பிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும், நம் ஆசியாவிலும் இந்த மரபணுவின் பிழைகள் அதிகம். (புகை பிடிப்பவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவர்களிடம் கே-ராஸ் மரபணுவின் பிழை அதிகம்.)

2004-ல்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். ஜெஃபிடினிப் மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் நன்றாகக் கேட்கிறது என்ற புதிரும் அப்போது விடுபட்டது. புரதத்தில் ஏ.டி.பி. உட்காரும் குழியில் மாத்திரை போய் உட்கார்ந்துகொள்கிறது. ஏ.டி.பி. இல்லாமல் பாஸ்பேட் ஏறாது. பெரியம்மாவின் கட்டியில் துளி சதை எடுத்து மரபணு சோதனை செய்த பிறகே மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாசத்தில் மாடிப்படி ஏறினார். ஆனால் கட்டியும் சும்மா இருக்காது. ஒரு வருஷம் முன்னே பின்னே மாத்திரைக்கு அடங்காமல் போகிறது. அப்படிப் போனவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் 790-வது இடத்தில் இன்னொரு பிழை! அதற்கு ஓசிமெர்டினிப் 2015-ல் வந்தது. பெரியம்மா இப்போது அதில்தான் இருக்கிறார்.

பரம்பரை விஷயத்துக்கு வருகிறேன். இந்த எழுத்துப் பிழை பெரியம்மாவின் நுரையீரல் செல்லில், அவர் பிறந்து பல வருஷம் கழித்து வந்தது. கருமுட்டையில் கிடையாது. அக்காவுக்கு எப்படிப் போகும்? உயிரியல் ஐயாவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அடுத்து யார் பெண் பார்க்க வந்தாலும் நானே படம் போட்டு விளக்குகிறேன் என்று அக்காவிடம் சொன்னேன். "முதல்ல நீ காபி தட்டை ஒழுங்கா எடுத்துக்கிட்டு வா" என்றாள்.

— 11-ஆம் வகுப்பு, அறிவியல் பிரிவு