பச்சைக்கொடியும் லைன் கிளியரும்

நம் சங்கத் தமிழ் வகுப்பில் ஒரு சிறுவன், "சுற்றுலாவுக்கு அப்பா பச்சைக்கொடி காட்டினார்" என்று கட்டுரையில் எழுதியிருந்தான். இந்தியில் சொல்லும் 'ஹரீ ஜண்டீ'யை அப்படியே பெயர்த்துவிட்டான், இது தமிழே அல்ல என்று அவன் தாயாரே குறைப்பட்டுக்கொண்டார். பையன் முகம் வாடிவிட்டது. ரயில்வேயில் காலம் தள்ளியவன் என்ற உரிமையில் அவனுக்காக வாதாட வந்திருக்கிறேன்.

அவன் எழுதியது தமிழ்தான். நாமும் இந்திக்காரர்களும் அதை எடுத்தது ஒரே பிளாட்பாரத்தில். மூவேந்தருக்கு வில், புலி, மீன் என்று கொடிகள் இருந்தன. அவை இன்னாருடைய படை, இன்னாருடைய நாடு என்று சொன்னவை. சம்மதத்துக்கு நாம் மாற்றிக்கொண்டது வெற்றிலை பாக்கு. 1853இல் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கும், 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கும் வண்டி ஓடிய பிறகே கொடி 'போகலாம்' என்று பேசத் தொடங்கியது.

ஆரம்பத்தில் பச்சைக்கு அந்தப் பொருளும் இல்லை. இங்கிலாந்தின் பழைய ரயில்களில் வெள்ளைதான் 'போகலாம்'; பச்சை என்றால் 'ஜாக்கிரதை'. சிவப்புக் கண்ணாடி உடைந்து விழுந்தால் உள்ளிருக்கும் விளக்கு வெள்ளையாகத் தெரியும், டிரைவர் வழி இருக்கிறதென்று நினைப்பார். இந்த ஆபத்தால்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளையை ஒதுக்கிவிட்டுப் பச்சைக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள்.

நாக்பூர்வாசிகளான நமக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. மராத்தியர் இதையே 'ஹிரவா கந்தீல்', அதாவது பச்சை லாந்தர் காட்டுவது என்பார்கள். பகலில் கொடி, இரவில் கைவிளக்கு என்பது ரயில்வே வழக்கம். தமிழும் இந்தியும் பகல் டூட்டி பார்த்தன, மராத்தி இரவு டூட்டி பார்த்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஆனால் பேச்சில் ஒரு பிசகு நேர்ந்துவிட்டது. பெரிய மனிதர் அனுமதி தருவதையே பச்சைக்கொடி என்கிறோம். ரயிலில் அதைக் காட்டுபவர் கார்டு (2022 முதல் 'டிரெயின் மேனேஜர்'). அதற்கு முன்பே ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, "பாதை காலி, அனுப்பலாம்" என்று லைன் கிளியர் வாங்கியிருக்க வேண்டும். ஒற்றைப் பாதையில் முன்பெல்லாம் அதற்கு அடையாளமாக இரும்புப் பந்து டோக்கன் டிரைவர் கைக்கு வரும். கைகாட்டி இறங்கும். எல்லாம் முடிந்து, "என் பக்கமும் தயார்" என்று கடைசியில் சொல்வதுதான் கொடி. கொடியை மட்டும் நம்பி வண்டியை எடுத்தால் எதிரே இன்னொரு வண்டி வரலாம்.

இதையெல்லாம் கரைத்துக் குடித்த நானே ஒருமுறை தவறினேன். என் பெண்ணுக்கு நல்ல இடத்திலிருந்து வரன் வந்தது. சந்தோஷத்தில் டெலிபோனிலேயே சரி என்று சொல்லிவிட்டு, "பச்சைக்கொடி காட்டிவிட்டேன்" என்று வீட்டில் அறிவித்தேன். ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே குடித்தனம் நடத்திய என் மனைவி, அடுப்படியிலிருந்து திரும்பாமலே கேட்டாள்: "லைன் கிளியர் வாங்கினீர்களா?"

பெண்ணிடம் நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. அவளுக்கு விருப்பமும் இல்லை. மறுநாள் அதே டெலிபோனில் மன்னிப்புக் கேட்டு, வண்டியைப் பின்னுக்குத் தள்ளவேண்டியதாயிற்று.